இரண்டு பக்கமும் எர்த் போட்டவர்

அப்பாவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும், "இதைவிட நல்ல படம் கிடைக்கலையாக்கும்?" என்று பெரியம்மா கேட்பார்கள். அட்டைப் படத்தில் அப்பாவின் வலது கைச் சட்டைப் பித்தான் போடாமல் திறந்து கிடக்கிறது. இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காததால் அந்தப் பித்தானை அவர்களால் போட முடியாது. எப்போதும் அம்மாதான் போட்டுவிடுவார்கள். படம் எடுத்த அன்று அம்மா ஆண்டாள் தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தார்கள். இந்தப் படத்தைத்தான் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான். காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

அப்பா வன்னியம்பட்டியில் பிறந்தார்கள். வீட்டில் ஐந்து பிள்ளைகளில் நான்காவது. பள்ளிப்படிப்பு முடிந்ததும் மின்கம்பத்துக்குக் குழி தோண்டும் கூலியாக வேலைக்குப் போனார்கள். கம்பத்தில் ஏறுகிறவரை ஊரே அண்ணாந்து பார்க்கும். கீழே நின்று கயிறு பிடிக்கிறவரையும், அறுந்து கிடக்கும் கம்பியைக் கையால் தூக்கிக் கொடுக்கிறவரையும் யார் பார்க்கிறார்கள்? அப்பா கீழே நின்றவர். கரண்டு நிறுத்தியாகிவிட்டது என்று எல்லோரும் நம்பிய ஒரு கம்பியைத் தூக்கியபோதுதான் அந்த இரண்டு விரல்களும் மடங்காமல் போயின. உயிர் பிழைத்தது ஆண்டாள் புண்ணியம் என்று அம்மா இன்றைக்கும் சொல்வார்கள். அப்பாவைக் கேட்டால், "எர்த் போடல, அம்புட்டுத்தான்" என்று முடித்துக்கொள்வார்கள்.

பிறகு வேலை நிரந்தரமானது. வயர்மேன், லைன் இன்ஸ்பெக்டர், போர்மேன் என்று படிப்படியாக உயர்ந்தார்கள். இராஜபாளையம், சோழபுரம், செட்டியார்பட்டி வட்டாரத்தில் அவர்கள் கால் படாத கம்பம் இருக்காது. ஓய்வு பெறும் நாள்வரை, அவர்களை நம்பிக் கீழே நின்ற ஒருவருக்கும் ஒரு காயமும் பட்டதில்லை.

எர்த் என்றால் என்ன என்று தெரியாத உறவினர்களுக்காகச் சொல்கிறேன். வேலை நடக்கும் கம்பியில் ஒரு கிளிப்பை மாட்டி, அதன் மறுமுனையை மண்ணில் அடித்த இரும்புக் கம்பியோடு சேர்த்துவிடுவார்கள். எங்கிருந்தாவது கரண்டு திருட்டுத்தனமாக வந்தாலும் அது ஆளை விட்டுவிட்டு மண்ணுக்குள் போய்விடும். பலரும் கரண்டு வருகிற பக்கம் மட்டும் போடுவார்கள். அப்பா இரண்டு பக்கமும் போடச் சொல்வார்கள். அதற்காகவே "ரெட்டை எர்த்து அண்ணாச்சி" என்று முதுகுக்குப் பின்னால் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். "வீட்டு மிக்ஸி ரிப்பேர்னாக்கூட தெருவுக்கே கரண்ட நிறுத்திருவாக அவிய" என்று அம்மா கேலி செய்வார்கள்.

இனி எழுதப்போவது நம் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது.

செட்டியார்பட்டியை ஒட்டி எனக்கு ஒரு தறி ஷெட் இருப்பது உங்களுக்குத் தெரியும். பேண்டேஜ் துணி நெய்கிறோம். கரண்டு போனால் ஓட்ட ஒரு ஜெனரேட்டர் வாங்கி, அதன் வயரை நேரே மெயின் போர்டில் கொடுத்திருந்தேன். முதலில் பியூஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டுத்தான் ஜெனரேட்டரை ஓட்ட வேண்டும். மறந்தால், ஜெனரேட்டர் கரண்டு ஷெட்டைத் தாண்டி வெளியே தெருக் கம்பிக்கு ஏறிவிடும். இந்த மறதிக்கே இடமில்லாமல் செய்ய ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் உண்டு. அதைப் போட்டால் ஒரு நேரத்தில் ஏதாவது ஒரு கரண்டுதான் உள்ளே வரும். "அதப் போடுலே" என்று அப்பா நான்கு முறை சொன்னார்கள். நான்கு முறையும், "அடுத்த வாரம் போட்டுருதேன்ப்பா" என்றேன்.

ஓர் ஆடி மாதம். காற்றில் தென்னை மட்டை விழுந்து, என் ஷெட்டுக்கு நாலைந்து கம்பம் தள்ளிக் கம்பி அறுந்துவிட்டது. டிரான்ஸ்பார்மரில் பியூஸைப் பிடுங்கிவிட்டு அப்பாவின் ஆட்கள் வேலையைத் தொடங்கினார்கள். கீழே கம்பி தூக்க முனியாண்டி அண்ணனும் சுப்பையா அண்ணனும். அங்கே நடந்த பேச்சைப் பின்னால்தான் கேள்விப்பட்டேன்.

"அண்ணாச்சி, கரண்டு அந்தப் பக்கமிருந்துதான வரணும்? இந்தப் பக்கம் நம்ம தம்பி ஷெட்டு மட்டுந்தான். மழ வேற வருது, வெரசா முடிச்சிருவோம்" என்றிருக்கிறார் முனியாண்டி அண்ணன்.

"மழ வந்தா நனைவோம். ஷெட்டுப் பக்கமும் போடுலே" என்றிருக்கிறார்கள் அப்பா.

அதே நேரம் ஷெட் வாசலில் சரக்கு ஏற்ற லாரி நின்றது. டிரைவர் நச்சரித்துக்கொண்டிருந்தார். அவசரத்தில் நான் பியூஸ் கட்டையை மறந்தேன். ஜெனரேட்டர் கிளம்பி, லோடு கொடுத்ததும் முனகிக்கொண்டு நின்றுவிட்டது. மறுபடி முயன்றேன். மூன்றாம் முறையும் நின்றதும் மெக்கானிக்கைக் கன்னாபின்னாவென்று திட்டினேன்.

அரை மணி நேரம் கழித்து அப்பாவின் மொபெட் வந்தது.

"ஜெனரேட்டர் ஓடலையோ?"

"ரிப்பேர் போலப்பா."

"ரிப்பேர்லாம் இல்ல. பியூஸ் கட்டையப் பிடுங்குனியா?"

திரும்பிப் பார்த்தேன். கட்டை அதன் இடத்திலேயே இருந்தது.

"கம்பியில ரெண்டு பேரு கை இருந்துச்சுலே. ஒன் கரண்டு அங்க வந்து, ஷெட்டுப் பக்கத்து எர்த் கிளிப்புல பொறி பறக்குது. அதான் ஜெனரேட்டர் நின்னுச்சு."

அறை விழும் என்று நின்றேன். அப்பா துணிப் பொதிமேல் உட்கார்ந்து வலது கையை என் முன்னால் நீட்டினார்கள். வேலையில் பித்தான் கழன்றிருந்தது. "இதப் போட்டு விடு" என்றார்கள். அந்தச் சிறு பித்தான் துளைக்குள் போகாமல் நழுவிக்கொண்டே இருந்தது; போட்டு முடிக்க எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. அதுவரை பொறுமையாக இருந்துவிட்டு எழுந்தார்கள். "அவங்ககிட்ட நீயே போயிச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாளே சுவிட்ச் போட்டேன். ஆனால் அவர்களிடம் போய்ச் சொல்லவில்லை. பயம், வெட்கம், எல்லாம்தான். அப்பா அதன்பின் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

கடைசி மூன்று மாதம் அப்பா படுக்கையில் இருந்தார்கள். வேலை முடிந்து போகிற வழியில் முனியாண்டி அண்ணன் தினமும் வந்துவிடுவார். அப்பாவைத் தூக்கி உட்கார வைத்து, சட்டை மாற்றி, அம்மா அசந்திருந்தால் அந்தப் பித்தானையும் அவரே போட்டுவிடுவார். நான் வாசலில் நின்று பார்ப்பேன். உள்ளே போகத் தைரியம் வராது.

கருமாதி முடிந்த அன்று மதியம், பந்தல் பிரித்துக்கொண்டிருந்த இரண்டு அண்ணன்களையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். சுப்பையா அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். முனியாண்டி அண்ணன் சிரித்தார்.

"தம்பி, நீங்க ஜெனரேட்டரு போட்ட சத்தம் எங்க காதுல விழாமலா இருக்கும்? மூணு தடவ போட்டிய. மூணு தடவையும் நின்னுச்சு. இவன் அப்பவே ஒங்கள ஒதைக்கக் கெளம்பிட்டான். அண்ணாச்சிதான் மறிச்சாக. 'அவனே வந்து சொல்லுவாம்லே, செத்தப் பொறுங்க'ன்னாக. இப்ப வந்துட்டியள்ல."

செத்தப் பொறுங்க என்று அப்பா சொல்லிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. நான் வருவேன் என்று அப்பா நம்பியிருக்கிறார்கள். அன்று அந்தப் பந்தலடியில் நான் அழுததைப் பார்த்தவர்கள், அப்பா போன துக்கம் என்று நினைத்திருப்பீர்கள். பாதிதான் அது.

இன்று முனியாண்டி அண்ணன் ஒரு கம்பிவேலைக் குழுவுக்கே தலைவர். "எங்க ஆளுக எவனும் ரெண்டு பக்கமும் எர்த் போடாமக் கம்பியத் தொட மாட்டான் தம்பி" என்றார் போன வாரம். ரெட்டை எர்த்து என்ற பட்டப்பெயர் இப்போது அவருக்கு வந்துவிட்டதாம். அதில் அவருக்கு ஏகப் பெருமை.

அப்பாவைத் தூக்கிச் சுமந்த இரண்டு அண்ணன்களுக்கும், மருத்துவமனையில் மாறி மாறித் துணையிருந்த சித்தப்பா பிள்ளைகளுக்கும், மூன்று மாதமும் சோறு பொங்கிக் கொடுத்த எதிர்வீட்டு ரெட்டியார் வீட்டம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "அந்தச் சுவிட்ச எல்லாருக்கும் போட்டுக் குடு" என்றார்கள்.

ஆகவே வருட நினைவுக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கவில்லை, மன்னியுங்கள். ஜெனரேட்டர் வைத்திருக்கும் உறவினர்கள், நண்பர்கள் ஒவ்வொருவர் இடத்துக்கும் சுவிட்சோடு வயர்மேனை அனுப்பி வைக்கிறோம். அவர் வந்து நிற்கும்போது, அடுத்த வாரம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் நான்கு முறை சொன்னேன்.