வடக்குக் காய்

அண்ணியின் மாஜாங் பெட்டியைத் திறந்தால் என் விரல் முதலில் தேடுவது வடக்கு என்ற எழுத்து வெட்டிய காயைத்தான். அண்ணனோடு பல வருடம் ஜப்பானில் இருந்துவிட்டு நன்னிலத்துக்குத் திரும்பியபோது அண்ணி கொண்டுவந்த பெட்டி அது; சீட்டாட்டம் மாதிரிதான், சீட்டுக்குப் பதில் காய்கள். அந்தச் சமயத்தில்தான் நானும் சென்னையில் வேலை போய், ஊருக்கு வந்து வீட்டு மாடியறைக்குள் முடங்கிக் கிடந்தேன். எல்லோரும் என்னிடம் காய்ச்சல்காரனிடம் பேசுவதுபோல மெதுவாகப் பேசினார்கள். அண்ணி மட்டும் படிக்கட்டடியில் நின்று சத்தம் போட்டார்: "தம்பி, எறங்கி வாங்க. நாலு பேரு இல்லாம இத ஆட முடியாது."

அண்ணன், அண்ணி, கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் பாய், நான். மதியம் சாப்பிட்ட மேசையைத் துடைத்துவிட்டு அதிலேயே ஆட்டம். அண்ணி சின்னச் சின்னதாக ஜெயித்துக்கொண்டே போவார். எனக்கு அது ஆகாது. 'பதின்மூன்று அநாதைகள்' என்று ஒரு பெரிய கை, அதாவது காய்ச்சேர்க்கை, உண்டு. ஒன்றோடொன்று சேராத, எல்லோரும் வேண்டாமென்று எறியும் காய்களாகப் பார்த்துச் சேர்க்க வேண்டும். வாழ்நாளில் ஒரு தடவை அமைந்தாலே பெரிது என்பார்கள். நான் தினமும் அதற்கே ஆசைப்பட்டு தினமும் தோற்றேன். "தம்பி இன்னைக்கும் அநாதை ஆசிரமம் தொறந்துட்டாரு," என்பார் பாய்.

ஒரு நாள் அமைந்தே விட்டது. வடக்கு ஒன்றுதான் பாக்கி; யாராவது அதைப் போட்டால் எடுத்து ஜெயிக்கலாம். பாய் வடக்கைப் போட்டார். நான் கத்திக்கொண்டே காய்களை விரித்துக் காட்டினேன். அண்ணி, நான் எறிந்திருந்த காய்களின் வரிசையில் விரலை வைத்தார். ஆட்டத்தின் ஆரம்பத்தில், எதைக் கட்டுவதென்று முடிவாகுமுன், நானே ஒரு வடக்கை எறிந்திருந்தேன். தான் ஏற்கெனவே எறிந்த காயை, அடுத்தவர் போடும்போது எடுத்து ஜெயிக்கக் கூடாது. கவிழ்த்து வைத்த அடுக்கிலிருந்து தன் கையாலேயே எடுத்தால்தான் உண்டு.

"பாவம், விட்டுடும்மா," என்றார் அண்ணன்.

"அதெல்லாம் முடியாதுங்க. பாவம் பாக்க அவரு என்ன சின்னப் புள்ளையா? என்னோட ஆடுறாரு."

எனக்கு வந்த கோபம்! சாயங்காலம்வரை அவரோடு சண்டை போட்டேன். ஊருக்கு வந்தபின் என் குரல் அன்றுதான் உயர்ந்தது. அன்றுதான் நன்றாகப் பசித்தது. மறுநாள் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வேலை தேடிக் கிளம்பினேன். இன்று தஞ்சாவூரில் குடும்பத்தோடு நன்றாக இருக்கிறேன். அந்த 'முடியாது' என்ற சொல்லுக்காக அண்ணிக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் எனக்குப் போதாது.

போன பொங்கலுக்கு நன்னிலம் போயிருந்தேன். அண்ணிக்குப் புற்றுநோய் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. தலையில் துணி கட்டியிருந்தார். வீட்டில் எல்லோரும் அவரிடம் மெதுவாகப் பேசினார்கள். அவரே பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். வழக்கத்துக்கு மாறாக அன்று பெரிய கையைக் கட்டினார். அண்ணன் வடக்கைப் போட்டதும் காய்களை விரித்தார். பாய் கைதட்டினார். அண்ணி எறிந்திருந்த வரிசையில் ஏற்கெனவே ஒரு வடக்கு கிடந்ததை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அண்ணன் பார்த்துவிட்டு, வேண்டாமென்று கண்ணாலேயே கெஞ்சினார்.

"அதெல்லாம் முடியாது அண்ணி," என்று அந்த வடக்கின் மேல் விரலை வைத்தேன்.

அண்ணி குனிந்து பார்த்தார். பிறகு மேசை அதிரச் சிரித்தார்.

"அப்பாடா, ஒருத்தராச்சும் என்னோட ஆடுறீங்களே," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த ஆட்டத்துக்குக் காய்களைக் கலைக்க ஆரம்பித்தார்.