மருந்தடிக்காத இடத்தில் வந்த நெடி

முதலில் வருவது நெடிதான். திராட்சைக்கு அடிக்கும் பூச்சிமருந்தின் நெடி மூக்கில் ஏறும். பிறகு எதுவும் தெரியாது. விழிக்கும்போது தரையில் கிடப்பேன்.

ஓடைப்பட்டியில் எங்கள் திராட்சைப் பந்தலை ஒட்டித்தான் வீடு. அதனால் மருந்து நெடி தாக்கித்தான் மயங்குகிறேன் என்று எல்லோரும் நம்பினோம். மருத்துவர்களிடமும் என் கணவர் அப்படியே சொன்னார். எங்கள் பக்கம் பெண்ணுக்கு நோய் என்றால் உடன் வந்தவர் பேசுவார். அவள் கையை மட்டும் நீட்டுவாள். கூச்சக்காரியான எனக்கு அது வசதியாகவும் இருந்தது.

ஒருநாள் அடுப்படியில் நான் விழுந்ததில், கொதிக்கும் குழம்பு கையில் கொட்டியது. அவர் பயந்துபோனார். கொடிகளை வெட்டிப் பந்தலைப் பிரித்துவிடுவது என்று முடிவெடுத்தார். அதற்கு முன் தேனியில் நரம்பு மருத்துவர் ஒருவரிடம் காட்டப் போனோம்.

"மருந்து நெடி இவளுக்கு ஒத்துக்கல டாக்டர். முன்ன பாத்தவுகளும் அதத்தான் சொன்னாக."

"இருங்கண்ணே. விழுந்தது அக்காதான, அவங்க சொல்லட்டும்" என்றார் அந்த மருத்துவர். பிறகு என்னிடம், "விழுறதுக்கு முன்னாடி என்ன ஆகுது? மெதுவாச் சொல்லுங்க" என்றார்.

நான் வழக்கம்போல் கணவரைப் பார்த்தேன். மருத்துவர் அடுத்த கேள்வி கேட்காமல் காத்திருந்தார். அந்த அமைதி தாங்காமல்தான் வாயைத் திறந்தேன்.

"நெடி வரும். அப்புறம் அடிவயித்துலருந்து என்னமோ மேல ஏறும். பயம் மாதிரி... இல்ல, பயமும் இல்ல. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. எல்லாம் முன்னாடியே நடந்த மாதிரி இருக்கும். சின்னமனூர்க் கல்யாணத்துல பந்தியில உக்காந்திருந்தப்பவும் அப்படித்தான் வந்துச்சு."

"அங்கயும் அதே நெடியா?"

"ஆமா. சேலையில ஒட்டிக்கிட்டு வந்துச்சோன்னு நெனச்சேன்."

"ஏண்டி, இத ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்றார் கணவர்.

"நீங்க எங்க கேட்டீக?"

மருத்துவர் சிரித்துவிட்டார்.

இது குவிய வலிப்பாக இருக்கலாம் என்றார் (மூளையின் ஒரு பகுதியில் தொடங்கும் வலிப்பு). இல்லாத நெடி வருவதே அதன் தொடக்கமாம். இ.இ.ஜி. (தலையில் கம்பிகள் ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைப் பார்க்கும் சோதனை) எடுத்தார்கள். அதில் கோளாறு எதுவும் தெரியவில்லை. ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார்களோ என்று கேட்டேவிட்டேன்.

"எடுக்கிற நேரத்துல எதுவும் தெரியாமப் போகலாம். நீங்க சொன்னதும், அதுக்கு வார்த்தை கிடைக்காமத் தேடித் தேடிச் சொன்ன விதமும் எனக்குப் பெரிய தடயம்" என்று சொல்லி மாத்திரை எழுதினார்.

கொடிகளை வெட்டவில்லை. இதை வாசிக்கும் உங்களுக்கும் இப்படி வந்தால், கூட இருப்பவர் வெளியே கண்டதைச் சொல்லட்டும். உள்ளே நடந்ததை நீங்கள்தான் சொல்ல வேண்டும், திக்கித் திணறியாவது.

மாத்திரை தொடங்கிய பிறகும் ஒருமுறை வந்தது. தெளிந்ததும் என்ன செய்தேன் என்று கணவரிடம் கேட்டேன். வெறும் வாயை மென்றேனாம், சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தேனாம். விரல்களைப் பார்த்தேன். அவற்றுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று எனக்குத் தெரியவில்லை. என் வாழ்நாளின் சில நிமிடங்கள் நான் இல்லாமல் நடந்திருக்கின்றன. அவற்றை வாழ்ந்தது நான், பார்த்தது அவர்.