கிருபாபாய் கேட்ட உறை

சங்கரன்கோவிலில் கிருபாபாயைத் தெரியாதவர்கள் கிடையாது. அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று தெரிந்தவர்கள்தான் கிடையாது. கேட்டால் "டாக்டர்" என்பார்கள். காய்ச்சலுக்கு ஒரு ஊசி போடத் தெரியாத டாக்டர். அவள் லீவுக்கு வந்து இறங்கினால் போதும், யாராவது ஒருத்தர் வாசலில் வந்து நின்று நாக்கை நீட்டுவார்.

"நான் அந்த டாக்டர் இல்ல அண்ணாச்சி."

"எந்த டாக்டரா இருந்தா என்ன, நாக்கு நாக்குதான? பாத்துச் சொல்லு."

பார்த்துவிட்டு, "வெத்தலையைக் கொறைங்க" என்பாள். வந்தவரும் ஒரு வாரம் வெற்றிலையைக் குறைப்பார். வயிறு சரியாகிவிடும். அவளுடைய கீர்த்தி கரிவலம்வந்தநல்லூர் வரைக்கும் பரவிவிடும்.

அவள் சுவிசேஷமுத்து வாத்தியாரின் ஒரே மகள். பாளையங்கோட்டையில் படித்தாள், அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போனாள், ஐந்து வருஷம் கழித்து அதே ஒல்லியோடும் அதே ஒற்றைச் சடையோடும் திரும்பி வந்தாள். உயிருள்ள எல்லாவற்றுக்கும் உள்ளே முறுக்கிக் கிடக்கிற டி.என்.ஏ. என்ற நூலைப் பற்றியது அவள் படிப்பு. எழுபதுகளின் தொடக்கத்தில் தெற்கே அந்தப் படிப்புப் படித்தவர்களை எல்லாம் ஒரே ஜட்கா வண்டியில் ஏற்றிவிடலாம். மதுரையில் ஆய்வுக்கூடம் என்று ஒரு வெறும் அறையைக் காட்டினார்கள். கிருமி நீக்கும் எந்திரம் வாங்க வழியில்லை. கடைக்குப் போய் வரிசையாகப் பிரஷர் குக்கராக வாங்கினாள். கடைக்காரர் பூரித்துப்போய், "கல்யாணம் எப்பம்மா?" என்று கேட்டார். "எனக்கில்ல, கண்ணாடிக் குழாய்களுக்கு" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர் அதற்கப்புறம் அவளுக்குத் தள்ளுபடி கொடுப்பதில்லை.

அவளுக்கு வேண்டியது ஒரு கத்தரிக்கோல். அந்த நூலை ஒரு குறிப்பிட்ட இடம் பார்த்து நறுக்குகிற என்சைம். அதை மனிதர்களால் செய்ய முடியாது, சில கிருமிகள்தாம் செய்யும். வெளிநாட்டில் விலைக்குக் கிடைத்தது. பனிக்கட்டியில் புதைத்து அனுப்புவார்கள். வழியில் எங்கெங்கோ கிடந்து அவள் கைக்கு வரும்போது பனியும் இருக்காது, என்சைமும் இருக்காது, பில் மட்டும் பத்திரமாக இருக்கும். நாமே ஒரு கிருமியைக் கண்டுபிடித்துவிட்டால் என்ன என்று ஊர் ஊராக மண் அள்ள ஆரம்பித்தாள்.

அப்படித்தான் ஒரு தடவை கரிவலம்வந்தநல்லூர் ஆறுமுகச்சாமியின் பருத்திக் காட்டில் உட்கார்ந்து ஒரு டின் நிறையக் கரிசல் மண் அள்ளினாள். ஆறுமுகச்சாமி அவள் அப்பாவிடம் பிரம்படி வாங்கிப் படித்தவர். மீசையும் மோட்டார் சைக்கிளுமாக வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏ தாயி, தங்கம் கிங்கம் இருக்கா?"

"கிருமி இருக்கு அண்ணாச்சி."

"அது இல்லாத மண்ணு எங்கன இருக்கு?" என்றார். ஆனாலும் மனசுக்குள் தங்கம்தான் ஓடியது. ஊரில் ஒருத்தர் விடாமல் சொல்லியும் வைத்தார்.

மூன்று வருஷம் போராடி, அந்த டின் மண்ணிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தாள். அது செய்த கத்தரிக்கோல் அமெரிக்கச் சரக்குக்குக் கொஞ்சமும் சளைக்கவில்லை. சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் மதுரையில் கரண்ட் போய்விட்டது. வந்தது, போனது, போயே போய்விட்டது. ஆய்வுக்கூடத்து ஃபிரிட்ஜில் இருந்த குழாய்களில் எல்லாம் பூஞ்சை ஏறி, கடைசியில் ஒரே ஒரு குழாய் தப்பியது. திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கிருமியைக் குளிரில் உலர்த்திப் பொடியாக்கும் எந்திரம் இருந்தது. பொடியாகிவிட்டால் எத்தனை வருஷமானாலும் சாகாது. குழாயைப் பனிக்கட்டியோடு ஒரு பிளாஸ்கில் வைத்துக்கொண்டு கிருபாபாய் ரயில் ஏறினாள்.

வழியில் சங்கரன்கோவிலில் இறங்கினாள். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் ஸ்தோத்திரப் பண்டிகை. விளைந்ததை எல்லாம் காணிக்கையாகக் கொண்டுவந்து வைத்து, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடும் பண்டிகை. "பண்டிகைக்கு வராம ரயில்ல எங்கூரத் தாண்டிப் போனியோ, அம்மான்னு கூப்புடாத" என்று நேசமணி அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். ராத்திரி ரயிலுக்குப் போய்க்கொள்ளலாம் என்று இவளும் வந்துவிட்டாள்.

மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்து எழுந்து பார்த்தால், பிளாஸ்க் இல்லை.

"யம்மா, இங்கன இருந்த பிளாஸ்க் எங்க?"

"கோயில்ல."

"கோயில்லயா?"

"காணிக்கையில வச்சிருக்கேன். பூசணிக்காய்க்குப் பக்கத்துல. நல்லாத் தெரியுது."

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சாவதானமாகச் சொன்னாள்: "நீ அமெரிக்கா போறப்பம் பொருத்தனை பண்ணுனேம்லா. எம்மக வளக்குற மொத வெளைச்சல் ஆண்டவருக்குன்னு. இத்தன வருசமா நீ என்னத்தட்டி வளத்த? ஒரு பூனைக்குட்டி உண்டா? நேத்து வந்ததும் வராததுமா நீதான சொன்ன, மூணு வருசமா வளத்தேன், இப்பந்தான் பலன் குடுத்திருக்குன்னு."

"அது கிருமிம்மா!"

"தெரியுமே. கிருமிய யாரு படைச்சா? பிசாசா?"

கிருபாபாய் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

கோயில் வளாகத்தில் ஏலம் களைகட்டியிருந்தது. குருவானவர் கையை விரித்தார். "காணிக்கை வச்சாச்சுன்னா அது ஆண்டவருடையது. ஏலம் எடுத்தா எடுத்தவருடையது. நடுவுல நான் யாரும்மா?"

"அப்பம் நானே ஏலம் கேக்கேன் ஐயா."

"வச்ச வீட்டாரே திரும்பக் கேக்கக்கூடாது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது யாரு?" குருவானவர் இருமினார். அவள் அப்பாதான். கோயில் கமிட்டியில் இருந்தபோது, ஒருவர் தம் கிடாயை வைத்துத் தாமே அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்துவிட்டு, மேசையைத் தட்டி நிறைவேற்றிய சட்டம்.

மைக்கைப் பிடித்திருந்தவர் பவுல்பாண்டியன். பருத்தி மண்டித் தரகர். மைக் இல்லாமலே சிவகிரிக்குக் கேட்கும் குரல். பிளாஸ்கைத் தூக்கிக் குலுக்கப் போனவர் கிருபாபாயின் அலறலைக் கேட்டு நிறுத்தினார்.

"என்ன சரக்குன்னு தெரியாம நான் ஏலம் விடமாட்டேன். டாக்டரம்மா, நீங்களே வந்து சொல்லிருங்க."

மைக் கைக்கு வந்தது. விலைமதிப்பில்லாதது என்று சொன்னால் விலை ஏறிவிடும். ஒன்றுக்கும் உதவாது என்றால் யாராவது வாங்கி, வேப்பமரத்தடியில் கொட்டிவிட்டு பிளாஸ்கை மட்டும் எடுத்துக்கொண்டு போவார்கள். பொய் சொல்லலாம்தான், அதற்கும் கொஞ்சம் பழக்கம் வேண்டுமே. உள்ளதையே சொன்னாள்.

"இது ஒரு கிருமி. சீக்கு எதுவும் தராது. நம்ம எல்லாருக்குள்ளயும் ஒரு நூல் இருக்கு. பருத்திக்குள்ள இருக்கு, பூசணிக்குள்ள இருக்கு. அந்த நூலை இது சரியா ஒரு எடத்துல நறுக்கும்."

"எங்க தறிப்பட்டறையில எலிகூடத்தான் நூல நறுக்குது!" என்றது கூட்டத்தில் ஒரு குரல். "அதையும் புடிச்சிட்டு வரட்டா?"

சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். காது சிவந்துவிட்டது. "உயிருள்ளது இது. உறைமோர் மாதிரி. ஒரு சொட்டு விட்டாப் போதும், விடியுமுன்ன பானை நெறைய வளந்துரும்."

"கேட்டியளா! ஒரு சொட்டுக்கு ஒரு பானை! அமெரிக்கா உறை! ஏலம் அஞ்சு ரூவா!" என்று பிடித்துக்கொண்டார் பவுல்பாண்டியன்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஆறுமுகச்சாமி எழுந்தார். அவர் வேறு சாமி கும்பிடுகிறவர்; ஆனால் இந்த ஏலத்துக்கு வருஷம் தவறாமல் வருவார், கிடாய் இங்கே மலிவு.

"தாயி, இது எந்த மண்ணுல எடுத்தது?"

இப்போதாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். "உங்க மண்ணுலதான் அண்ணாச்சி" என்றாள்.

"அப்பம் என் காட்டு வெளைச்சலு. அது எனக்குல்லா வேணும்?"

எதிரே ஒரு மருந்துக்கடைக்காரர், அமெரிக்கா என்ற சொல்லைக் கேட்டதும் போட்டிக்கு வந்துவிட்டார். அவர் ஒரு ஐந்து ஏற்றினார், இவர் மீசையைத் தடவி ஒரு ஐந்து ஏற்றினார். ஒரு கிடாயின் விலையைத் தாண்டியதும் மருந்துக்கடைக்காரருக்கு மனைவியின் முகம் கண்ணில் பட்டது, உட்கார்ந்துவிட்டார். கிருபாபாய் கிட்டே போவதற்குள் ஆறுமுகச்சாமி பிளாஸ்கைத் துண்டில் சுற்றி, மோட்டார் சைக்கிள் பெட்டியில் வைத்து, புகையைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

மூன்று வருஷ உழைப்பு போயிற்று. நெல் மூட்டை மேல் உட்கார்ந்தாள். மேடையில் அடுத்ததாக ஒரு சேவல் வந்தது.

"ஏலே மக்கா, நல்லாக் கேட்டுக்கிடுங்க! இது டாக்டரம்மா சரக்கு மாதிரி ஒரு சொட்டுல பானை நெறையப் பெருகாது. ஒத்தச் சேவலு! ஒருத்தன் கொண்டுபோனா அடுத்தவனுக்குக் கெடையாது!"

கிருபாபாய் நிமிர்ந்தாள். முழுக் குழாயும் அவளுக்கு எதற்கு? ஒரு சொட்டு போதாதா? கடல் தாண்டிப் படித்ததை, ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் பண்ணியதை, சற்றுமுன் தன் வாயாலேயே மைக்கில் சொன்னதை, ஒரு சேவல் ஏலம் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. வீட்டுக்கு ஓடிப் பையை எடுத்தாள். அதில் கிருமி வளர்க்கக் கடல்பாசிக் கூழ் ஊற்றிப் பஞ்சால் அடைத்த புதுக் குழாய்கள் சில இருந்தன, கிருமியைத் தொட்டு எடுக்கும் கம்பியும் இருந்தது. ராஜபாளையம் பஸ்ஸைப் பிடித்துக் கரிவலம்வந்தநல்லூரில் இறங்கியபோது சூரியன் மலைக்கு மேல் ஒரு முழம் நின்றது.

ஆறுமுகச்சாமி வீட்டில் அவர் மனைவி முத்துமாரியம்மாள் குத்துவிளக்கைத் துடைத்து எண்ணெய் விட்டு, திரியைத் திரித்துக்கொண்டிருந்தாள். பிளாஸ்க் சாமி படத்துக்குக் கீழே, சந்தனப் பொட்டோடு இருந்தது.

"மதினி! உறை வேணும்."

"வா தாயி. மோருதான? தாரேன்."

"மோரில்ல. அந்தா இருக்குல்லா, அதுல ஒரு சொட்டு."

ஆறுமுகச்சாமி குறுக்கே வந்தார். "அதக் கொண்டுபோக விடமாட்டேன். மூணு வருசத்துக்கு முன்னால ஒரு டின் மண்ணு கொண்டுபோன. இன்னும் டின்னே வரல."

"கொண்டுபோகல அண்ணாச்சி. இங்கனயே தொட்டு எடுத்துக்கிடுதேன். நெருப்பு மட்டும் வேணும். கம்பியப் பழுக்கக் காய்ச்சணும், குழாய் வாயையும் நெருப்புல காட்டணும். இல்லன்னா காத்துல இருக்கிற வேற கிருமி உள்ள போயிரும்."

"அதுக்கென்ன, இந்தா வெளக்க ஏத்துதேன்" என்று தீப்பெட்டியை எடுத்த முத்துமாரியம்மாள் அப்படியே நின்றாள். "ஐயோ தாயி, வெளக்கு வச்ச பெறவு உறை குடுக்கப்படாதே! எங்க மாமியா காலத்துலயிருந்து யாருக்கும் குடுத்ததில்ல. லெச்சுமி போயிருவா."

நெருப்பில்லாமல் எடுக்க முடியாது. நெருப்பு வந்தால் கொடுக்க முடியாது. அடுப்பில் பருத்திமார்க் குச்சிகள் எரிந்து சாம்பல் பறந்துகொண்டிருந்தது. அங்கே குழாயைத் திறக்க வழியில்லை.

"மெழுகுவத்தி?"

"அதுவும் வெளக்குதான?"

"அந்தா பல்பு எரியுதே மதினி, அது மட்டும் வெளக்கில்லியா?"

"அது கரண்ட்டு ஆபீஸ்காரன் ஏத்துறது. நானா ஏத்துதேன்?"

வெயில் முற்றத்தை விட்டு மதில் ஏறிவிட்டது. அண்டை வீட்டில் விளக்கு வைத்துவிட்டார்கள். கிருபாபாய் நகத்தைக் கடித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "மதினி, வெளக்கு வைக்குமுன்ன முழுசையும் எங்கிட்டக் குடுத்துருதியளா?"

"ஏய்!" என்றார் ஆறுமுகச்சாமி.

"பொறுங்க அண்ணாச்சி. இப்பம் நீங்க குடுத்துருங்க. பெறவு மதினி வெளக்க ஏத்தட்டும். நான் எனக்கு ஒரு சொட்டு எடுத்துக்கிட்டு மிச்சத்த உங்களுக்கே தந்துருதேன். வெளக்கு வச்ச பெறவு குடுக்கிறது நானு, நீங்க இல்ல."

முத்துமாரியம்மாள் யோசித்தாள். "அப்பம் ஒங்க வீட்டு லெச்சுமில்லா போயிருவா?"

"எங்க வீட்டுக்கு அவ வந்ததே இல்ல மதினி. வாத்தியார் வீடு."

ஆறுமுகச்சாமிக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிளாஸ்க் கை மாறியது. விளக்கு எரிந்தது. "பேசாதிய, மூச்சுகூட இந்தப் பக்கம் விடாதிய" என்று சொல்லிவிட்டுக் கிருபாபாய் விளக்கின் முன் சம்மணம் போட்டாள். முத்துமாரியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்தினாள். ஆறுமுகச்சாமி விளையாட்டுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளாமல் முழு மூச்சையும் அடக்கி, முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். எண்ணெய்ப் புகையில் கம்பி கறுத்துவிட்டுத்தான் சிவந்தது. ஆறவிட்டுத் தொட்டாள், புதுக் குழாயில் ஒரு கோடு இழுத்தாள், இரண்டு வாயையும் சுடரில் காட்டிப் பஞ்சால் அடைத்தாள்.

பிளாஸ்கை மரியாதையாக அவரிடம் நீட்டினாள். அவர் மூச்சை விட்டார்.

"இதுல எது கெட்டிக்காரக் கிருமி? ஒன்னோடதா, என்னோடதா?"

"ரெண்டும் ஒண்ணுதான் அண்ணாச்சி. ஒரே ஆளு ரெண்டு எடத்துல."

"அப்பம் ஒரு சொட்டு கேட்டு வாங்கியிருந்தாப் போதுமே. நான் எதுக்கு அம்புட்டு ரூவா குடுத்து ஏலம் எடுத்தேன்?"

"நீங்க வந்ததுலயிருந்து நானும் அதத்தான் கேக்குதேன்" என்றாள் முத்துமாரியம்மாள்.

மோட்டார் சைக்கிளில் அவரே ஸ்டேஷனில் கொண்டுவந்து விட்டார். ஆனால் கோடு இழுத்ததால் மட்டும் ஆயிற்றா? கம்பி ஆறாமல் தொட்டிருந்தால் கிருமி வெந்திருக்கும். விளக்குப் புகை உள்ளே போயிருந்தால் பூஞ்சைதான் மிஞ்சும். விடிந்தால்தான் தெரியும். வளர்வதற்குக் கொஞ்சம் சூடு வேண்டும். ரயிலில் சூட்டுப்பெட்டிக்கு எங்கே போவது? குழாயைக் கைக்குட்டையில் சுற்றி, இடுப்பில் சேலைக் கொசுவத்துக்குள் செருகிக்கொண்டு, புரண்டு படுக்காமல் கிடந்தாள்.

கொல்லம் நெருங்கும்போது வெளுத்தது. எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். இழுத்த இடத்தில், இழுத்த மாதிரியே, பால் வடிந்ததுபோல் ஒரு வெள்ளைக் கோடு. பக்கத்தில் ஒரு புள்ளிப் பூஞ்சைகூட இல்லை.

அந்தக் கோட்டைத் திருவனந்தபுரத்தில் பொடியாக்கினார்கள். அதிலிருந்து பெருக்கிக் கிருபாபாய் எடுத்த கத்தரிக்கோல், அடுத்த பத்து வருஷத்தில் பெங்களூர், ஹைதராபாத் என்று எங்கெங்கோ தபாலில் போயிற்று; அதை வைத்துப் படித்து முப்பது பேர் டாக்டர் ஆனார்கள், ஊசி போடத் தெரியாத டாக்டர்கள். இதெல்லாம் பிற்பாடு. அன்றைக்குக் காலையில் அவளுக்கு ஒன்றும் தெரியாது. கோட்டைப் பார்த்தாள், சிரித்தாள், திருப்பிப் பிடித்துப் பார்த்து மறுபடியும் சிரித்தாள். எதிர் சீட்டில் இருந்த மலையாளத்து அம்மாள், இடுப்பிலிருந்து கண்ணாடிக் குழாயை உருவி அதைப் பார்த்துச் சிரிக்கிற இந்தப் பெண்ணைக் கொஞ்ச நேரம் கவனித்தாள். பிறகு சத்தமில்லாமல் தன் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலோரத்திலிருந்து நகர்ந்து உட்கார்ந்தாள்.