கால் வச்ச எழுத்து

கல்யாணப் பத்திரிகை அடிக்கிற தொழில்ல எழுத்துப் பிழையக்கூட மன்னிச்சிருவாக. எழுத்தோட மூஞ்சி பிடிக்கலைன்னா மன்னிக்க மாட்டாக. அருப்புக்கோட்டையில கம்ப்யூட்டரு வச்சு கார்டு, போர்டு டிசைன் பண்ற எனக்கு ஒரு பழைய எழுத்து மேல, அதான் ஃபான்ட்டு மேல, பிரியம். அதுல இங்கிலீசு எழுத்து ஒவ்வொண்ணும் அடியில சின்னதாக் கால் வச்சு நிக்கும். அதோட ஜோடித் தமிழெழுத்துக்கும் முனையில அதே கால்; கோடு ஒரு பக்கம் தடிச்சு, ஒரு பக்கம் மெலிஞ்சு, இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி மரியாதையா இருக்கும். அந்த எழுத்து ஒரு கல்யாணத்தையே நிறுத்தப் பாத்துச்சு. நீங்களும் இந்தத் தொழில்னா நான் பட்ட பாடு புரியும்.

பிசிறு

துபாய்லருந்து லீவுக்கு வந்த பாய் ஒருத்தரு விசிட்டிங் கார்டு கேட்டாரு. மாதிரிய நீட்டுனேன். எழுத்து முனையில எல்லாம் பிசிறு ஒட்டியிருக்குன்னு நகத்தால சுரண்டுனாரு. அது பிசிறு இல்ல, காலு. எழுத்து வரிசையா நிக்கிறதுக்குன்னு வெளக்குனேன். பொறுமையாக் கேட்டுட்டுச் சொன்னாரு: "கடைக்கு வர்ற நாங்களே செருப்பக் கழட்டிட்டுத்தான் வாரோம். எழுத்து மட்டும் ஏன் அண்ணாச்சி போட்டுக்கிட்டு நிக்குது?"

ரோட்டோரப் போர்டு

பந்தல்குடியில ஒரு பரோட்டா கடைக்கு அதே எழுத்துல போர்டு அடிச்சுக் குடுத்தேன். கிட்ட நின்னா அழகு. தூரத்துலருந்து பாத்தா மெலிஞ்ச கோடெல்லாம் வெயில்ல காணாமப் போயி, பாதி எழுத்துதான் மிச்சம். கடைக்காரரு என்னைய ரோட்டுல அரை மணி நேரம் நிக்க வச்சாரு. ஒரு லாரியும் நிக்கல. "லாரிக்காரன் பசியில வாரான்யா. எறங்கி நின்னு எழுத்துக் கூட்டிப் படிக்கவா வாரான்?"

சம்பந்தியம்மா

எங்க தெரு நெசவுக்காரரு ஒருத்தரு மக கல்யாணத்துக்குப் பத்திரிகை கேட்டாரு. படம், கலரு எதுவும் சேக்காம கருப்புல ஒரு ப்ரூஃப் எடுத்தேன். அத அப்படியே மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டு போயிட்டாரு. மறுநா காலையில மொகம் செத்து வந்து நிக்கிறாரு. மாப்பிள்ளையோட அம்மா தாளப் பாத்ததும் யாரு தவறுனதுன்னு கேட்டாகளாம். அவுக பக்கத்து வீட்டுக் கருமாதிக் கார்டும் நான் அடிச்சதுதான், அதே எழுத்து. அபசகுனம், இந்தச் சம்பந்தமே வேணாம்னுட்டாக. மூணு வருசமா வரன் தேடுன மனுசன்.

அவரு கூடவே போனேன். அந்தம்மா எதுக்கும் மசியல. சொவத்துல அவுக மகனோட பட்டச் சான்றிதழு, கண்ணாடி போட்டு, குங்குமம் வச்சு மாட்டியிருந்துச்சு. ப்ரூஃப அதுக்குப் பக்கத்துல புடிச்சேன். அதே காலு, அதே தடிச்ச கோடு. ரெண்டையும் மாறி மாறிப் பாத்தாக. "எம்மகனுக்குப் பட்டம் குடுத்த எழுத்தா? அப்ப கல்யாணத்துக்கு இதுவே இருக்கட்டும். ஆனா இனிமே யாரு கருமாதிக்கும் இதத் தொடக்கூடாது, ஆமா."

கால் இல்லாத எழுத்து

சரின்னு வாக்குக் குடுத்தேன், கல்யாணமும் நல்லபடியா முடிஞ்சுச்சு. அடுத்த வாரமே நரிக்குடிக்காரரு ஒருத்தரு சித்தப்பா கருமாதிக்குக் கார்டு கேட்டு வந்தாரு. வாக்கு தவறாம கால் இல்லாத மொட்டை எழுத்துல போட்டேன். மேசையில கெடந்த அந்தக் கல்யாணப் பத்திரிகையப் பாத்துட்டு, இது மட்டும் ஏன் வேற மாதிரின்னு கேட்டாரு. அதுக்குக் காலு உண்டு, உங்களுதுக்கு இல்லைன்னேன். அவரு கார்டக் கையில எடுத்துப் பாத்தாரு. "பேய்க்குத்தான் காலு கெடையாதும்பாக. எங்க சித்தப்பாவ நீங்களே பேயாக்கிட்டீகளே, அண்ணாச்சி."

இப்பல்லாம் கார்டு கேட்டு யாரு வந்தாலும் நான் மொதல்ல கேக்குறது பேரையோ தேதியையோ இல்ல, காலு வேணுமா வேணாமான்னுதான்.