பளபளத்த தகடு

கூட்டிப் பெருக்க வந்த அம்மாள், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மொட்டை மாடியில் சாய்த்து வைத்திருந்த இரும்புத் தகடு ஒன்றை உப்புத்தாள் போட்டு முகம் தெரியத் தேய்த்துவிட்டாள். நாலு வருஷத் துரு அரை மணியில் போயிற்று. தகடுகளைக் கவனிக்கிறவர், ஆபீஸில் எல்லாரும் துருக்காரர் என்று கூப்பிடுகிறவர், வந்து பார்த்தார். திட்டவில்லை. பதிவேட்டில் "என் கவனக்குறைவால் கெட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தகட்டை எண்ணெய்த் தாளில் சுற்றி மேசைக்குள் வைத்தார்.

"நல்லாத்தான் தேய்ச்சிருக்க, தங்கச்சி. ஆனா இதெல்லாம் துருப்பிடிக்கணும்னே வெச்சிருக்கு."

அவர் உத்தியோகமே அதுதான். கடற்காற்றில் இருநூறு தகடுகள். வெயிலும் மழையும் சம்பளமில்லாமல் உழைக்கும், இவர் குறித்துக்கொள்வார். அவ்வப்போது சிலவற்றைக் கழற்றி, துருவை நீக்கி, எவ்வளவு இளைத்திருக்கிறது என்று நிறுப்பார். பாலம் கட்டுகிறவர்களுக்கு எந்த இரும்பு தாங்கும் என்று சொல்ல வேண்டுமே!

மைத்துனனுக்கு இது விளங்கவேயில்லை. "துருப்பிடிக்குதான்னு பாக்க ஒரு ஆபீஸா, மச்சான்? பிடிக்கலைன்னா?"

"இன்னும் கொஞ்சம் உக்காந்து பாப்பேன்."

இன்னும் ஆறு வருஷம் ஓடிற்று. பத்து வருஷச் சோதனை முடிய இருபது நாள் இருந்தது. அவர் ஓய்வு பெறவும் அதே இருபது நாள்தான். அப்போதுதானா பெரிய அதிகாரி பார்வையிட வரவேண்டும்? அதுவரை மாடிப்படி எந்தப் பக்கம் என்றே அறியாத மேனேஜர் மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"என்னய்யா இது, பழைய இரும்புக்கடை மாதிரி! ஏம்மா, நாளைக்குள்ள எல்லாத்தையும் தேய்ச்சுடு."

"சார், இது பத்து வருஷம் சார்..." துருக்காரர் குறுக்கே வந்தார்.

"அதைத்தான்யா நானும் சொல்றேன். பத்து வருஷமா ஒருத்தனும் துடைக்கலை!"

மேனேஜர் இறங்கிப் போனார். அம்மாள் உப்புத்தாளும் கையுமாக நின்றாள். தேய்த்தால் அண்ணனின் பத்து வருஷம் போகும். தேய்க்காவிட்டால் தன் வேலை போகும். கண்ணை மூடி ஆண்டவனைக் கூப்பிட்டாள். திறந்தபோது உப்புத்தாளைக் கீழே போட்டாள்.

"அண்ணே, அந்தப் பழைய தகடு இன்னும் இருக்கா?"

மறுநாள் பெரிய அதிகாரி படியேறியதும் எதிரே கண்ணாடியாய் மின்னியது அந்த ஒரே தகடு. அவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"அடடா, ஒரு பொட்டுத் துரு இல்லையே! எப்படி?"

சிவந்து கிடந்த மற்றவற்றைப் பார்த்து வெளிறிப்போயிருந்த மேனேஜருக்குச் சட்டென்று அறிவு சுரந்தது. "நம்ம ஆராய்ச்சிதான் சார். மத்ததெல்லாம் ஒப்பிட்டுப் பாக்க வெச்சிருக்கோம்."

பாராட்டுக் கடிதம் மேனேஜர் பெயருக்கு வந்தது. பொய் சொன்னது அவர்தான். தகடு வாயே திறக்கவில்லை. தேய்க்கச் சொன்னதை அவர் அப்புறம் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

இருபது நாள் கழித்துத் துருக்காரர் கடைசித் தகட்டையும் நிறுத்து எழுதிவிட்டு, சோற்றுப் பையுடன் வாசலுக்கு வந்தார். அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். எண்ணெய்த் தாளில் சுற்றிய அந்தத் தகட்டை அவள் கையில் கொடுத்தார்.

"பத்திரம், தங்கச்சி. வெளிய வெச்சுடாத. இது துருப்பிடிச்சா மேனேஜர் மனசு தாங்காது."