அவருக்கு நான் கூட்டிவைத்த ஐந்து வயது

என் கணவருக்கு முதலில் ஆடத் தொடங்கியது வலது கைப் பெருவிரல். மொன்றியல் துறைமுகப் பக்கத்தில் ஒரு பண்டகசாலையில் இருபத்திரண்டு வருடம் பெட்டி இறக்கிய கை அது. வேலை செய்த களைப்பு என்று அவர் சொன்னார். குளிர் என்று நான் சொன்னேன். இரண்டும் இல்லை, பாக்கின்சன் என்று டொக்டர் சொன்னா. மூளைக்குள்ளே ஏதோ ஒரு சாறு சுரக்க வேண்டுமாம், அதைச் சுரக்கிற செல்கள் சாகின்றனவாம். செத்தது செத்ததுதான், குளிசை போட்டுச் சமாளிக்கலாம் என்றா.

சில வருடங்கள் குளிசை சொன்னபடி கேட்டது. ஒன்று போட்டால் நான்கு மணித்தியாலம் நடப்பார், கோப்பி போடுவார், வாசலில் பனி தள்ளுவார். பிறகு நான்கு மூன்றாகியது, மூன்று இரண்டாகியது. குளிசையோடு பருப்போ மீனோ வயிற்றில் இருந்தால் மருந்து ஏறாது என்றார்கள். மத்தியானம் மீன் இல்லாமல் சோறு இறங்காத மனிதருக்கு நான் வெறும் கத்தரிக்காய் வெள்ளைக்கறி வைத்துக் கொடுத்தேன். மீனைப் பின்னேரத்துக்குத் தள்ளினேன். வாசற்படி வந்தால் கால் நிலத்தில் ஒட்டிவிடும். அவருக்கு முன்னால் என் காலை நீட்டி வைப்பேன், அதைக் கடப்பதுபோல நினைத்தால் அடி எடுத்து வைப்பார். இது எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. நானாகக் கண்டுபிடித்தேன். பிறகு டொக்டரும் அது சரிதான் என்றா.

நாங்கள் ரொக்ஸ்பரோவில் மகளோடு இருக்கிறோம். மகள் ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறாள். ஒரு சனிக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் இருந்தபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கூப்பிட்டாள்.

"அம்மா, இஞ்சை வாங்கோ. யப்பானிலை ஒரு மெடிக்கல் கொலிச்சிலை இந்த வருத்தத்துக்குப் புதுசாய் ஒண்டு செய்து பாக்கினமாம்."

"மருந்தோ?"

"மருந்தில்லை. ஆரோ ஒரு சுகமான ஆளின்ரை இரத்தத்திலை இருந்து செல் எடுத்து, அதைப் பிறக்காத பிள்ளையின்ரை செல் மாதிரித் திருப்பி ஆக்கி, பேந்து மூளைச் செல்லாய் வளத்து, மண்டையிலை சின்ன ஓட்டை போட்டு உள்ளுக்கை வைக்கினமாம்."

என் கணவருக்குக் குரல் அப்போதே சிறுத்துவிட்டது. பக்கத்தில் போய்க் காது கொடுக்க வேண்டும். "வெங்காயம் நடுற மாதிரியோ பிள்ளை?" என்று கேட்டார்.

"ஓமப்பா, அப்பிடித்தான். அது உள்ளுக்கை இருந்து சாறு சுரக்குமாம்."

"யப்பான்காரன்ரை செல் எண்டால் நான் பேந்து சொன்ன நேரத்துக்கு எழும்பி வேலைக்குப் போகவேண்டி வருமே."

"அப்பிடியெண்டால் முதல் வேலையாய் அதைச் செய்யச் சொல்லு பிள்ளை," என்றேன் நான். மூன்று பேரும் சிரித்தோம். அவர் சிரித்தது சத்தத்தில்தான் தெரிந்தது. முகம் அப்போதே இறுகிப்போயிருந்தது.

மகள் படித்ததை ஒளிக்காமல் சொன்னாள். கொஞ்சப் பேருக்குத்தான் செய்து பார்த்திருக்கிறார்கள். சிலருக்குக் கொஞ்சம் சுகம். சிலருக்கு வித்தியாசம் இல்லை. வருத்தம் மாறும் என்று அவர்கள் எழுதவில்லை. நான் படித்தது நாலாம் வகுப்பு, அது எனக்கு வெட்கமில்லை, வீட்டை நடத்தியவள் நான். ஆனால் அன்று நான் கேட்டது "கொஞ்சம் சுகம்" என்ற இரண்டு சொல்லை மட்டும்தான். கொஞ்சம் என்றால் என்ன? தன் கையால் ஒரு வாய் சோறு. அது எனக்குப் போதும்.

அடுத்த முறை டொக்டரிடம் போனபோது மகள் அந்தக் கட்டுரையைப் பிரதி எடுத்துக்கொண்டு வந்தாள். டொக்டர் இளம் பெண். அவவும் மகளும் பிரெஞ்சில் கதைத்தார்கள், மகள் எங்களுக்குச் சொன்னாள். டொக்டருக்கு அந்த யப்பான் ஆராய்ச்சி தெரிந்திருந்தது. அது அந்த நாட்டு ஆட்களுக்குத்தானாம். ஆனால் அதைப் போன்ற சோதனையை இந்தக் கண்டத்திலும் தொடங்கப் பார்க்கிறார்களாம், ஆட்களின் விபரம் அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறார்களாம். இவர் மறதி இல்லாமல் நல்ல தெளிவாக இருக்கிறார், இதயமும் நல்லது, இவருடைய கோப்பை அனுப்பலாம் என்றா. 

அப்புறம் டொக்டர் கணினியைப் பார்த்து, உதட்டை மடித்தா.

"வயசு கூடிப்போச்சாம் அம்மா," என்றாள் மகள். "அவையளின்ரை எல்லையைத் தாண்டி மூண்டரை வருசமாம்."

என் கணவர் என்னைப் பார்த்தார். கண் மட்டும்தான் அவருக்கு முன்னைய மாதிரி. நான் கைப்பையின் கொளுவியைத் திறந்து மூடினேன். டொக்டர் எழுந்து கை கொடுத்தா, நானும் கொடுத்தேன்.

காரில் வரும்போது சொன்னேன்.

"பிள்ளை, அப்பாவுக்கு அந்த வயசில்லை."

"எந்த வயசு?"

"பேப்பரிலை கிடக்கிற வயசு. ஐஞ்சு குறைய."

மகள் காரை ஒரு தெப்பனர் கடையின் முன்னால் நிறுத்தினாள். "ஆர் பிழையாய் எழுதினது?"

"நான்."

பின் இருக்கையில் இருந்து அவர் சொன்னார்: "கொம்மா என்னிலும் ரெண்டு வயசு மூப்பு."

மகள் முதலில் சிரித்தாள். ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தாள். பிறகு அது அழுகையாகியது. "இதுக்கோ? இதுக்கே அம்மா? இஞ்சை ஆர் உங்களைப் பாத்தவை?"

யார் பார்த்தார்கள் என்று அவளுக்கு விளங்காது. நாங்கள் விரும்பிக் கட்டியவர்கள். அவர் எங்கள் கிணற்றுக்குத் தண்ணீர்ப் பம்பி பூட்ட வந்தவர். பெண் மூப்பு என்றால் ஊர் என்ன சொல்லும்? சின்னப் பொடியனை மயக்கிப் பிடித்தவள் என்று சொல்லும். சொன்னது. என் தகப்பன் கலியாணத்துக்கு வரவில்லை. நான் தலை குனிந்து நடக்கவில்லை, ஆனால் காது கேட்டது.

பிறகு சண்டையில் ஓடி இந்த நாட்டுக்கு வந்தோம். மொன்றியல் நோரில் இரண்டாம் மாடியில் எட்டுப் பேர் ஒரு வீட்டில் இருந்தோம். அகதி விண்ணப்பத்தை நிரப்பித் தர ஒரு மொழிபெயர்ப்பாளர் வந்தார். அவர் எங்கள் பக்கத்து ஊர். அவருடைய மனைவி என் அண்ணிக்குச் சொந்தம். அந்த மனிதருக்கு மத்தியானம் ஒன்று தெரிந்தால் பின்னேரம் ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் தெரியும். பிறப்புச் சாட்சிப் பத்திரம் எங்கள் கையில் இல்லை. சத்தியக் கடதாசி முடித்தால் சரி என்றார்.

"அண்ணை பிறந்த திகதியைச் சொல்லுங்கோ," என்றார்.

என் கணவர் வாயைத் திறந்தார். நான் முந்திச் சொன்னேன். அவர் பிறந்த வருடத்தை ஐந்து வருடம் முந்தியதாகச் சொன்னேன். மூன்று கூட்டினாலே அவர் என்னிலும் மூப்பாகியிருப்பார். ஆனால் புருசனுக்கும் பெண்சாதிக்கும் மூன்று வயது இடைவெளி இருந்தால்தான் எடுப்பாக இருக்கும் என்று எனக்குப் பட்டது. மொழிபெயர்ப்பாளர் எழுதிக்கொண்டு, "அண்ணைக்கு வயசு தெரியேல்லை, அக்கா நல்ல வடிவாய்ப் பாத்திருக்கிறியள்," என்றார். அன்று முழுக்க எனக்குப் பெருமை. ஊர் கெடுத்த என் கதையைப் புது நாட்டில் நானே திருத்தி எழுதிவிட்டேன் என்று இருந்தது. பிந்தி என் கணவருக்கு ஓய்வூதியம் ஐந்து வருடம் முந்தி வந்தபோதும் என் கெட்டித்தனத்தை நானே மெச்சினேன். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஐந்தைக் கழித்தால் அந்த எல்லைக்கு அவருக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது.

ஊரில் இருக்கும் அவருடைய தங்கையிடம் சொன்னோம். பாவம், முழங்கால் நோவோடு பஸ் ஏறி, பிறப்புப் பதிவு வைத்திருக்கும் அரசாங்கக் கச்சேரிக்குப் போய், மூன்று தரம் அலைந்து, பதிவின் பிரதியை எடுத்து அனுப்பினா. அவர் பிறந்த உண்மைத் திகதி முத்திரையோடு வந்து சேர்ந்தது. மகள் அதைத் தூக்கிக்கொண்டு டொக்டரிடம் ஓடினாள். டொக்டர் நம்பினா. ஆனால் தான் நம்பிப் பயன் இல்லை, சுகாதார அட்டையில் உள்ள திகதிதான் கோப்பில் போகும், அதை மாற்றிக்கொண்டு வாருங்கள் என்றா.

மாற்ற வக்கீல் வேண்டும். மகளுக்குத் தெரிந்த வக்கீல் எங்கள் ஆள், இப்படியான அலுவல்களில் பெயர் எடுத்தவர், அடுத்த கிழமையே வரச் சொன்னார்.

"அவரட்டை வேண்டாம்," என்றேன்.

"ஏனம்மா?"

"தமிழ் ஆள்."

"அப்பாவின்ரை மண்டைக்குள்ளை செல் சாகுது. நீங்கள் இன்னும் அக்கம்பக்கம் பாக்கிறியள்."

"வெள்ளைக்காரரைப் பார். நான் வாறன். ஆனால் எங்கடை ஆக்களட்டை வேண்டாம்."

அவளுக்குக் கோபம் வந்தாலும் தகப்பனைப் போல, என் சொல்லைத் தட்டமாட்டாள். வேறு வக்கீல் கிடைக்க ஒரு மாதம் போனது. அந்த ஒரு மாதம் மிஞ்சியிருந்தாலும் போதாமல்தான் போயிருக்கும். இருந்தும் அதை ஒளித்துவிட்டு மற்றதை மட்டும் எழுதக் கூடாது.

வெள்ளைக்கார வக்கீல் எல்லாக் கடதாசிகளையும் வரிசையாக மேசையில் பரப்பினார். சத்தியக் கடதாசியில் பொய் சொல்லியிருக்கிறது, அதற்குக் குடிவரவுக்குப் பதில் சொல்ல வேண்டும். குடியுரிமைப் பத்திரம் மாற வேண்டும். அதன் பிறகு அட்டை. ஓய்வூதியப் பக்கத்திலும் கேள்வி வரும். செய்யலாம், செய்ய முடியாதது இல்லை என்றார்.

"எவ்வளவு காலம் எண்டு கேள் பிள்ளை."

மகள் கேட்டாள். யன்னலுக்கு வெளியே பனி அள்ளும் வண்டி ஒன்று பின்னுக்கு வரும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ரெண்டு வருசமாம். கூடவும் ஆகலாமாம்."

அதற்குள் உண்மை வயதும் எல்லையைத் தாண்டிவிடும். எனக்குக் கூட்டல் கழித்தல் நன்றாக வரும். நான் எழுந்து கோட்டைப் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மகள் என்னைத் தேற்றப் பார்த்தாள். வயது சரியாக இருந்தாலும் எடுத்திருப்பார்கள் என்று இல்லையாம், நிறையப் பேரில் ஒரு சிலரைத்தான் தெரிவுசெய்வார்களாம், தெரிவுசெய்தாலும் பலன் கிடைக்கும் என்று இல்லையாம், டொக்டரே சொன்னாவாம். எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் அவர்கள் பார்த்து வேண்டாம் என்று சொல்வது வேறு. பார்க்கவே விடாமல் நான் கதவைச் சாத்தியது வேறு.

அவர் குசினி வாசலில் நின்றுகொண்டிருந்தார். நின்றுகொண்டிருந்தார் என்றால், கால் ஒட்டிப்போய் நின்றார். நான் போய் என் காலை நீட்டி வைத்தேன். அன்று அதையும் அவரால் கடக்க முடியவில்லை.

"உம்மடை கணக்குக்கு உடம்பு வந்திட்டுது," என்றார். பகிடிதான். அவர் என்னை ஏசியதில்லை.

"அண்டைக்கு ஏன் நீங்கள் வாய் திறக்கேல்லை?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"திறந்தனான். நீர் விடேல்லை."

இவ்வளவு வருடத்தில் இந்த ஒரு தரம்தான் அப்படிச் சொன்னார். அதன் பிறகு அதைப் பற்றி நாங்கள் கதைக்கவில்லை. கதைப்பதற்கு அவருக்குக் குரலும் குறைந்துகொண்டே வந்தது. வசந்தகாலத்தில் விழுங்குவது கஷ்டமாகியது. மீனைப் பின்னேரத்துக்குத் தள்ளும் வேலை எனக்கு இல்லாமல் போனது. எல்லாச் சாப்பாட்டையும் அரைத்து ஒரே கூழாகக் கரண்டியால் கொடுக்கிறேன். மகள் யப்பான் செய்தி எதையும் இப்போது வாசித்துக் காட்டுவதில்லை. ஒருநாள் நானாகக் கேட்டேன், அங்கே அந்த வேலை எப்படிப் போகிறது என்று. நல்லாய்ப் போகுதாம் என்றாள்.

போன கிழமை அரசாங்கத்தில் இருந்து வீட்டுக்கு வரும் நேர்ஸ் மாறி, புதிதாக ஒரு பெண் வந்தாள். ஹெயிட்டிக்காரி, கலகலப்பானவள். "பொன்ஷூர்" என்று சொல்லிச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். மகள் வேலையில். நேர்ஸ் படிவத்தை எடுத்து முதலில் அவர் பெயரைக் கேட்டாள், சொன்னேன். பிறந்த திகதியைக் கேட்டாள். அந்தப் பிரெஞ்சுச் சொல் எனக்குத் தெரியும். இந்த நாட்டில் எத்தனையோ தரம் கேட்டுவிட்டார்கள்.

கச்சேரிக் கடதாசி அடுத்த அறை மேசை லாச்சிக்குள் இருந்தது. எழுந்து போய் எடுத்துக்கொண்டு வர எனக்கு நேரம் இருந்தது. அட்டையில் ஒன்றும் வாயில் ஒன்றுமாக இருந்தால் நேர்ஸ் வருவதிலும் சிக்கல் வந்துவிடும் என்று யோசித்தேன். அது உண்மை. ஆனால் யோசித்தது பிந்தித்தான். அதற்கு முதலே பேப்பரில் இருக்கும் திகதியைச் சொல்லிவிட்டேன்.

அவள் எழுதிக்கொண்டாள். அவருக்குக் கழுத்து இப்போது திரும்பாது. சுவரைப் பார்த்தபடி இருந்தார்.