மாப்பிள்ளை கொண்டுவந்த ஹார்ட் டிஸ்க்

1. பெட்டி அழுகிறது

"ஏன் சார், உங்க பெட்டி காலைலேர்ந்து அழுதுண்டே இருக்கு. பசிக்கிறதா, என்னன்னு வந்து பாருங்கோ."

போனில் ஸ்ரீரங்கம் சேஷாத்ரி மாமா. ரயில்வேயில் ரிட்டயர் ஆகிவிட்டார். நக்கலில் மட்டும் இன்னும் சர்வீஸில் இருக்கிறார். வாங்கிய அன்று அது அவருடைய பெட்டி. பழுதானதும் என்னுடையதாகிவிட்டது. எங்கள் தொழிலில் சொத்து இப்படித்தான் கைமாறும்.

சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். போர்டில் நீண்ட கால அனுபவம் என்று போட்டிருக்கும். அதில் பாதி, "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க" என்று போனில் சொன்ன அனுபவம்.

அழுத பெட்டிக்கு நாஸ் என்று பெயர். வீட்டு நெட்வொர்க்கில் மாட்டிவிட்டால் எல்லோருடைய ஃபைலையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளும். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் அப்படியே எழுதும். ஒன்று செத்தாலும் மற்றது காப்பாற்றும். இப்போது ஒன்று செத்துவிட்டது. அதைத்தான் பெட்டி பீப் பீப்பென்று சொல்லி அழுதது.

உள்ளே இருந்தவை மாமாவின் மனைவி வேதவல்லி மாமியின் பாசுர வகுப்புகள். கொரோனா காலத்தில் ஆன்லைனில் ஆரம்பித்தது. இன்று உலகம் முழுக்க மாமிக்குப் பிள்ளைகள். எல்லா வகுப்பும் ரெக்கார்டிங். வேறு எங்கும் காப்பி கிடையாது. வெளியே ஒரு பேக்கப் வையுங்கள் என்று நான் சொன்னபோதெல்லாம் மாமா, "அதான் உள்ளே ரெண்டு இருக்கே" என்பார். அந்த இரண்டையும்கூட, வேஷ்டி வாங்குவதுபோல, ஒரே அட்டைப்பெட்டியிலிருந்து ஜோடியாகக் கேட்டு வாங்கியவர் அவர்.

2. எட்டு டிபி சீர்

பெட்டி செய்த கம்பெனி ஒரு பட்டியல் போடும். இந்த மாடலுக்கு இந்த டிஸ்க் ஒத்துப்போகும் என்று. அதைப் பார்த்து ஒன்றுக்கு ஆர்டர் போட்டுவிட்டுத்தான் ஸ்ரீரங்கம் போனேன். அங்கே லீவில் வந்திருந்த அமெரிக்க மாப்பிள்ளை, கையில் ஒரு டிஸ்க்கோடு நின்றார்.

"புதுசெல்லாம் வேண்டாம் சார். நானே கொண்டு வந்திருக்கேன். எட்டு டிபி. செம டீல்."

டிஸ்க்கின் மாடல் நம்பரைப் பார்த்தேன். பட்டியலில் இல்லை. கூரையில் ஓடு வேய்வதுபோல ஒரு தடத்தின்மேல் அடுத்ததை ஏற்றி எழுதுகிற ரகம். நடுவில் ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் பக்கத்து ஓடுகளையெல்லாம் எடுத்து மறுபடி வேய வேண்டும். அவ்வப்போது காப்பி எடுத்து வைக்க நல்ல டிஸ்க். நாஸில் போட்டால் நடு வேலையில் திணறி நிற்கும். பெட்டி அதைச் செத்ததாக நினைத்து வெளியே தள்ளிவிடும்.

"நாஸுக்கு இது செட்டாகாதுங்க" என்றேன்.

"சாட்டா போர்ட்தானே சார்? மாட்டினா மாட்டிக்கப் போறது."

மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொள்ளப் போவது யார் என்பதுதான் கேள்வி.

மாமி என்னை அடுப்படிப் பக்கம் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தி, "கல்யாணம் ஆனதுலேர்ந்து மாப்பிள்ளை தானா ஆசைப்பட்டு வாங்கிண்டு வந்தது இது ஒண்ணுதான். வேண்டாம்னு சொல்லிடாதீங்கோ."

"சரிங்க மாமி. போட்டுடறேன்."

"போடுங்கோ. ஆனா என் கிளாஸ் ஒண்ணே ஒண்ணு காணாமப் போனாலும் உங்களை நான் சும்மா விடமாட்டேன்."

இதற்கெல்லாம் எந்தக் கம்பெனியும் பட்டியல் போடுவதில்லை.

3. பேச்சுவார்த்தை

கூடத்துக்கு வந்து முகத்தை மாற்றிக்கொண்டேன். "சார், இவ்வளவு பெரிய டிஸ்க்கைப் பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டினா யார் கண்ணுல படும்? இது வெளில, தனியா, கௌரவமா நிக்கணும். எல்லா வகுப்பையும் இதுல ஒரு காப்பி எடுத்துடுவோம்."

மாப்பிள்ளை யோசித்தார். "அதேதான். நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்."

டிஸ்க்கை யூஎஸ்பி கேஸில் போட்டு மொத்தத்தையும் காப்பி எடுத்தேன். என் ஆர்டர் வந்ததும் அதைப் பெட்டிக்குள் செருகினேன். பழைய டிஸ்க்கிலிருந்து புதியதற்கு எழுத்து ஏற ஆரம்பித்தது. மாமி காபி கொண்டுவந்தார். பாதி வேலையில் பழையது டக் டக்கென்று இரண்டு சத்தம் போட்டு நின்றுவிட்டது. ஒன்றாகப் பிறந்து ஒன்றாக உழைத்த ஜோடி. தனியாக இருக்க மனமில்லை போலிருக்கிறது. பெட்டி மறுபடி அழுதது.

மாமியின் கையில் டம்ளர் அப்படியே நின்றது. "போயிடுத்தா? எல்லாமா?"

"இல்லீங்க மாமி. மாப்பிள்ளை டிஸ்க்ல இருக்கு." யூஎஸ்பியைச் செருகி ஒரு வகுப்பை ஓடவிட்டேன். லேப்டாப்பிலிருந்து மாமியின் குரல், 'மைக்கை மியூட் பண்ணுடா' என்று யாரையோ அதட்டியது. மாமி உட்கார்ந்துவிட்டார். காபியை அவரே குடித்தார்.

4. பாராட்டு விழா

வேறு பேட்சில் தயாரான இன்னொரு டிஸ்க் வாங்கி இரண்டையும் மாட்டி, மாப்பிள்ளை டிஸ்க்கிலிருந்து வகுப்புகளைத் திரும்ப ஏற்றிக்கொடுத்தேன். அன்றைய வகுப்பில் மாமி பிள்ளைகளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "எங்காத்து மாப்பிள்ளை கொண்டுவந்த டிஸ்க்தான் எல்லாத்தையும் காப்பாத்தித்து. கடைக்காரர் போட்டது ரெண்டும் போயிடுத்து."

மாப்பிள்ளை என் தோளில் தட்டினார். "அடுத்த வாட்டி கம்பாட்டிபிள் டிரைவா பாத்துப் போடுங்க சார்."

மாமா வாசல் வரை வந்தார். "அவரோடதை உள்ளே போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"வெளில காப்பி இருந்திருக்காதுங்க. உள்ள இருந்ததும் போயிருக்கும்."

"அப்படியா" என்று தெருவைப் பார்த்தார். "இதை நீங்க என்கிட்ட சொல்லவே இல்லை. சரியா?"

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். பட்டியலைப் பாருங்கள். ஒரே பேட்சில் ஜோடி போடாதீர்கள். பெட்டிக்குள் இரண்டு இருப்பதற்குப் பெயர் பேக்கப் அல்ல. எல்லாவற்றுக்கும் முன்னால், டிஸ்க்கை வாங்கி வந்தவர் யார் என்று கேட்டுவிட்டு வாயைத் திறங்கள்.

போன மாதம் பெட்டியைத் தூசி தட்டப் போயிருந்தேன். அலமாரியில் மாப்பிள்ளை டிஸ்க் சந்தனப் பொட்டோடு நிற்கிறது. பக்கத்தில் பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. எங்கள் மூன்று பேருக்கும் பொட்டு கிடையாது.